காதுக்குக் கணக்கு எட்டாதா?



"எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லாத மனிதரை நமது நாட்டில் காண்பது அரிதாயிருக்கிறது. அதை யாரும் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லுவதும் இல்லை. கடனை வாங்கித் திருப்பிக் கொடுக்காதவன்கூடக் கொஞ்சம் தலையைக் குனிந்துகொள்ளுகிறான். கணக்கு வராது என்கிறவன் மாத்திரம் நிமிர்ந்து நின்று, தன் உயரம் இவ்வளவு, நிறம் இன்னது என்று சொல்லுவதுபோல் அதைப் பிறவிக் குணமாகச் சொல்லுகிறான். சற்று நெருக்கிக் கேட்டால் "எல்லாம் தலையெழுத்து" என்று முடித்துவிடுகிறான். தலையெழுத்தை ஒப்புக்கொள்ளாத நமது தோழர்களிலேயே பலர், ஜாதகத்தைக் கிழித்துப்போட்ட கையோடு, கணக்கு விஷயத்தில் மாத்திரம் பிரமன் எழுதியது எழுதியபடியே என்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பதா, வருந்துவதா என்று நமக்குத் தெரியவில்லை.

நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு வாய்த்த கணக்கு வாத்தியார் கணக்கைக் காட்டியதைவிடப் பிரம்பைக் காட்டியதே அதிகம். பிற்காலத்தில் படித்ததெல்லாம் படிப்பகத்தில் கிடைத்ததும், பழைய புத்தகக் கடையில் எடைபோட்டு வாங்கியதுந்தான். அப்படிப்பட்டவனுக்குக் கணக்கில் கொஞ்சம் பயம் தெளிந்தது எப்படி என்றால், சென்ற சில வருஷங்களாகக் காதால் படித்துத்தான். கூட்டம் முடிந்து இராத்திரிப் பேருந்தில் ஊர் திரும்பும்போது விளக்கை அணைத்துவிடுவார்கள். புத்தகத்தைப் பிரிக்க முடியாது. கைப்பேசியில் காதுக்குழாயை மாட்டிக்கொண்டு பாட்காஸ்ட் என்பதைக் கேட்பேன். இந்தப் பெயர் 2004இல் லண்டன் 'கார்டியன்' பத்திரிகைக் கட்டுரை ஒன்றில் முதன்முதலாக எழுதப்பட்டது. சங்கதி ஒன்றும் பெரிதல்ல. வானொலிப் பேச்சைப்போல ஒருவர் பேசிப் பதிந்து வைப்பார். வேண்டியவர் வேண்டியபோது எடுத்துக் கேட்கலாம். வானொலிக்கு நாம் காத்திருக்க வேண்டும். இது நமக்காகக் காத்திருக்கும். நிறுத்தலாம், திருப்பலாம். எனக்கு இங்கிலீஷ் பத்திரிகையையும் அகராதியையும் வைத்துக்கொண்டு கற்ற இங்கிலீஷ்தான் தெரியும். ஆதலால் ஒன்றை மூன்று தடவை கேட்பேன். வகுப்பில் மூன்றாம் தடவை கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இதைப்பற்றிப் படித்த நண்பர்களிடம் பேசினால் ஒரு ஆட்சேபணை சொல்லுகிறார்கள். "பாட்டு, கதை, பிரசங்கம் இவைகளைக் காதால் கேட்கலாம், கணிதமும் விஞ்ஞானமும் கரும்பலகையில் எழுதிக் கண்ணால் பார்க்கவேண்டியவை, அவைகளைக் காதில் ஊதினால் என்ன புரியும்?" என்கிறார்கள். இதில் கொஞ்சம் நியாயம் இல்லாமல் இல்லை. முக்கோணத்தையும் வட்டத்தையும் வாயால் வரைய முடியாது. ஆனால் கணக்கு என்பது முழுவதும் கோடும் குறியுந்தானா? சந்தையில் கீரை விற்கிற கிழவி எந்தப் பலகையில் எழுதிச் சில்லறை கொடுக்கிறாள்? இதற்கு வாதம் சொல்லுவதைவிட என் வீட்டில் நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

என் அக்காள் பேருந்து நிலையத்தில் பூக்கட்டி விற்கிறவள். முதலுக்குத் தண்டல் வாங்குவாள். தண்டல் இன்னதென்று பட்டணத்திலும் பாளையத்திலும் தெரியாதவர் இல்லை. பத்தாயிரம் என்று பேச்சு. முன்கூட்டியே 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவான். நாளுக்கு 100 வீதம் 100 நாளைக்கு வந்து வாங்கிக்கொண்டு போவான். "என்ன வட்டி?" என்று கேட்டால் அவனும் "நூற்றுக்குப் பத்து" என்பான், இவளும் "நூற்றுக்குப் பத்து" என்பாள். நானும் பல வருஷம் அப்படியேதான் நம்பியிருந்தேன்.

ஒருநாள் அவள் பூக்கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இராத்திரிப் பேருந்தில் சராசரி என்பதைப்பற்றிக் கேட்டதை வைத்து அவளிடம் கேள்வியாகவே கேட்டேன். கையில் வந்தது எவ்வளவு? 9,000. திருப்பித் தருவது? 10,000. ஆக வட்டி 1,000. சரி, இந்த 9,000மும் நூறு நாளும் உன்னிடத்திலேயே இருந்ததா? "அதெப்படி இருக்கும்? மறுநாளே நூறு போயிடுதே" என்றாள். ஐம்பதாம் நாளில்? "பாதி போயிருக்கும்." தொண்ணூற்றொன்பதாம் நாளில்? "நூறுதான் பாக்கி." அப்படியானால் ஒருநாளைக்கு ஒருநாள் ஏறக்குறையச் சராசரியாக உன்னிடத்தில் இருந்த அவனுடைய பணம் எவ்வளவு? கை பூவைக் கட்டிக்கொண்டேயிருந்தது. வாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாலாயிரத்து ஐந்நூறு இருக்குமா?" என்றாள். அதேதான். 4,500 ரூபாயை 100 நாள் வைத்திருந்ததற்கு 1,000 ரூபாய் வட்டி என்றால் நூற்றுக்கு 22 ஆயிற்று. அதுவும் வருஷத்துக்கு அல்ல, 100 நாளைக்கு. ஒரு வருஷத்தில் 100 நாள் மூன்றரைத் தடவைக்குமேல் வருகிறது. ஆக வருஷ வட்டி நூற்றுக்கு 80ஐ ஒட்டிப் போய்விட்டது. பிற்பாடு இன்னும் நுட்பமாகப் போட்டுப் பார்த்ததில் 77க்கும் 78க்கும் நடுவில் நின்றது. இதில் கரும்பலகை எங்கே வேண்டியிருந்தது? சாக்குக்கட்டி எங்கே வேண்டியிருந்தது?

உடனே அக்காள் தண்டலை உதறிவிட்டாள் என்று நான் எழுதினால் அது புராணமாகிவிடும். "தெரிஞ்சு என்னடா தம்பி, விடியக்காலம் நாலு மணிக்கு வேற யாரு வந்து எனக்குக் குடுப்பா?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கணக்குத் தெரிந்ததனால் மாத்திரம் கையில் முதல் வந்துவிடாது. ஆனால் அதற்கடுத்த மாதம் குழுக்கடன் கொடுக்க வந்தவரிடம், "வட்டி முழு முதலுக்கா, மீதி முதலுக்கா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். வந்தவர் இரண்டு நிமிஷம் காகிதத்தைப் புரட்டினாராம். அந்தக் கேள்வி லேசானதல்ல. 10,000 ரூபாயை நூற்றுக்குப் பத்து என்று முழு முதலுக்கும் போட்டு 12 தவணையாக வாங்கினால், மீதி முதல் கணக்கில் அது நூற்றுக்கு 18 ஆகிறது. பத்துக்கும் பதினெட்டுக்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் ஒரு சொல்லில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

நிற்க. கையும் கண்ணும் வேலையில் கட்டுண்டு கிடக்க, காது மாத்திரம் சும்மா இருக்கிற ஜனங்கள்தான் உலகத்தில் அதிகம். தையல்காரன், தறிக்காரன், பீடி சுற்றுகிறவள், இட்லி ஊற்றுகிறவள், வண்டி ஓட்டுகிறவன் எல்லோரும் இதில் அடக்கம். புத்தகத்தைக் கொண்டுபோய் இவர்களிடம் நீட்டுவது, இரண்டு கையிலும் சுமை வைத்திருப்பவனிடம் மூன்றாவது கையைக் கேட்பதாகும். இதைக் கியூபா தேசத்துச் சுருட்டுத் தொழிலாளிகள் 1865ஆம் வருஷத்திலேயே கண்டுகொண்டார்கள். ஹவானாவில் ஒரு சுருட்டுக் கொட்டடியில் ஒருவர் உயர உட்கார்ந்து பத்திரிகையும் புத்தகமும் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்டார்கள். படிப்பவருடைய கூலியைத் தொழிலாளிகளே தங்கள் கூலியிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே சர்க்கார் அதைத் தடை செய்தது. சுருட்டுச் சுருட்டுகிறவன் காதில் என்ன விழுகிறது என்பதைப்பற்றிக் கவர்னருக்கு என்ன கவலை என்று யோசித்துப் பாருங்கள்! தடை நீங்கியபின் அந்த வழக்கம் மறுபடி தழைத்து, இன்றுவரை அங்கே இருந்துவருகிறது. நமக்குப் பக்கத்தில் கண்ணூரில் 1969இல் ஏற்பட்ட தினேஷ் பீடிக் கூட்டுறவுத் தொழிலாளர்களும் பீடி சுற்றிக்கொண்டே பத்திரிகை படிக்கக் கேட்டவர்கள்தான்.

நம்முடைய தஞ்சாவூரில் நடந்ததையும் மறந்துவிடக்கூடாது. 1960களில் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் வந்தபோது, அதைப் பயிரிடும் முறையை உழவர்கள் வானொலியில் கேட்டே கற்றுக்கொண்டார்கள். ஆடுதுறையார் வைத்த பெயரையும் எண்ணையும் தள்ளிவிட்டு ஜனங்கள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்தார்கள். விதையளவு, உரத்தின் அளவு, நாள் கணக்கு எல்லாம் விஞ்ஞானந்தானே? கோவணம் கட்டியவன் காதில் விஞ்ஞானம் ஏறாது என்று சொல்லுகிறவர்கள் அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவர்களே.

ஆனால் கேட்பது மாத்திரம் போதுமா என்றால் போதாது. இதுதான் இக்கட்டுரையில் நாம் முக்கியமாகச் சொல்லவந்தது. சும்மா கேட்டுக்கொண்டிருப்பது கதாகாலட்சேபம் கேட்பதற்குச் சமானம். பிரசங்கி சொல்லுவார், நாம் தலையாட்டுவோம், எழுந்து வந்தால் ஒன்றும் இருக்காது. கணக்கைக் காதால் கற்பிக்கவேண்டுமானால் எப்படிச் செய்யவேண்டும் என்பதற்கு நிகராகுவா என்கிற சின்னஞ்சிறு தேசத்தில் ஒரு சோதனை நடந்தது. 1970களின் நடுவில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக்காரர்கள் அங்குள்ள ஆரம்பப் பள்ளிகளில் வானொலி மூலம் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வானொலியில் பேசுகிறவர் ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுச் சில வினாடி வாயை மூடிக்கொள்ளுவார். அந்த இடைவெளியில் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் உரக்கப் பதில் சொல்லவேண்டும். பிறகு வானொலி சரியான விடையைச் சொல்லும். அரைமணிப் பாடத்திற்குள் இப்படி எத்தனையோ கேள்விகள் வந்துகொண்டேயிருக்கும்.

இதன் பலனையும் அவர்கள் வாய்ப்பந்தலாக விட்டுவிடவில்லை. முதல் வகுப்புகள் 88ஐ எடுத்துச் சீட்டுப்போட்டதுபோல் மூன்று விதமாகப் பிரித்தார்கள். சிலவற்றுக்கு வானொலிப் பாடம், சிலவற்றுக்குக் கணக்குப் புத்தகம், சிலவற்றுக்கு வழக்கமான படிப்பே. வருஷக் கடைசியில் எல்லோருக்கும் ஒரே பரீட்சை. புத்தகம் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சுமார் மூன்றரைக் கேள்விக்கு அதிகமாகச் சரியான விடை எழுதினார்கள். வானொலி கேட்டவர்களோ ஏறக்குறைய 15 கேள்விக்கு அதிகமாக எழுதினார்கள். அன்றியும் பட்டணத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் இருந்த வித்தியாசம் குறைந்தது. 1981இல் இந்த முடிவுகள் அச்சிட்டு வெளியிடப்பட்டன. காதுக்குக் கணக்கு எட்டாது என்கிற பண்டிதர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுகிறார்கள்?

வானொலி அங்கே ஜெயித்ததற்கு, அது பேசியதோடு வாயை மூடியதும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். இன்றைய பாட்காஸ்ட்காரர்களில் பெரும்பாலோர் இந்த ஒன்றை மறந்துவிட்டார்கள். இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் "ஆகா, என்ன ஆச்சரியம்!" என்று மெச்சிக்கொள்ளுகிறார்கள். ஆச்சரியப்படவேண்டியவன் கேட்கிறவன் அல்லவா? அவனுக்கு யோசிக்க நாலு வினாடி கொடுத்தால் என்ன நஷ்டம்?

எல்லாவற்றையும் குறை சொல்லிவிடவும் கூடாது. பி.பி.சி. வானொலியில் 2001 முதல் 'மோர் ஆர் லெஸ்' என்று ஒரு நிகழ்ச்சி நடந்துவருகிறது. பத்திரிகையிலும் மந்திரிகள் வாயிலும் வருகிற எண்களைப் பிடித்து இழுத்து, இது எங்கேயிருந்து வந்தது, இது உண்மையில் பெரிய எண்தானா என்று கேட்பதே அதன் வேலை. இந்தக் கேள்வியை நமது ஊரில் கேட்டுப் பாருங்கள். ஒரு திட்டத்துக்கு 100 கோடி ஒதுக்கினோம் என்று சுவரெல்லாம் ஒட்டுகிறார்கள். வாயைப் பிளக்கிறோம். 2011ஆம் வருஷக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். பங்கு போட்டால் தலைக்கு 14 ரூபாய் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு ஒருவேளை டீ. இதை அறிய எந்தக் காலேஜுக்குப் போகவேண்டும்?

இனி நமது பிரசாரக் கூட்டங்களில் நான் கையாளுகிற ஒன்றைச் சொல்லுகிறேன். இதையும் காதால் கேட்டே கற்றேன். கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "என் கனவில் மாமா செத்தார், மறுநாளே தந்தி வந்தது, இதற்கு உங்கள் பகுத்தறிவு என்ன சொல்லுகிறது?" என்று கேட்பது வழக்கம். நான் அதற்கு நேராகப் பதில் சொல்லுவதில்லை. "இங்கே 40 பேர் இருக்கிறோம். இதில் இரண்டு பேருக்காவது பிறந்தநாள் ஒரே தேதியில் இருக்குமா?" என்று கேட்பேன். வருஷத்துக்கு 365 நாள் இருக்க 40 பேரில் எப்படி இருக்கும் என்று எல்லோரும் சிரிப்பார்கள். ஒவ்வொருவராகத் தேதியைச் சொல்லச் சொல்லுவேன். பெரும்பாலும் முப்பதாவது ஆளுக்குள் எங்கேயோ ஒருவர் "அட, என் தேதி!" என்று கத்துவார்.

இது மந்திரமல்ல. உங்களுடைய பிறந்தநாளும் இன்னொருவருடையதும் ஒத்துப்போகுமா என்று பார்த்தால் அபூர்வந்தான். ஆனால் நான் அப்படிக் கேட்கவில்லையே. யாராவது இரண்டு பேருக்கு என்று கேட்டேன். 40 பேரும் ஒருவருக்கொருவர் கைகுலுக்கினால் எத்தனை கைகுலுக்கல் ஆகும்? 780. ஒவ்வொரு கைகுலுக்கலும் ஒரு சந்தர்ப்பம். 23 பேர் இருந்தாலே 253 ஜோடி சேர்ந்து, ஒத்துப்போகிற வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது; 40 பேருக்கு நூற்றுக்கு 89 ஆகிவிடுகிறது. இப்போது மாமாவுக்கு வருவோம். இந்த ஊரில் எத்தனை பேர், எத்தனை இராத்திரி, எத்தனை கனவு? பலிக்காத கனவை எவனாவது கூட்டத்தில் எழுந்து சொல்லுவானா? பலித்த ஒன்றுதான் எழுந்து நிற்கிறது. இதைச் சொன்னபின் கேட்டவர் சில சமயம் கோபித்துக்கொள்ளுகிறார், சில சமயம் சிரித்துவிடுகிறார். ஆனால் பிறந்தநாள் சங்கதி மாத்திரம் அந்த ஊரில் தங்கிவிடுகிறது. மறுமுறை போனால் டீக்கடையில் யாரோ யாருக்கோ அதைச் செய்துகாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு "நிகழ்தகவு" என்று பெயர். நல்ல தமிழ்தான், நமக்கு அதில் விரோதமில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் "இன்று நாம் நிகழ்தகவைப்பற்றிப் பார்க்கப்போகிறோம்" என்று ஆரம்பித்தால் டீக்கடை காலியாகிவிடும். பண்டத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு பெயரைச் சொன்னால் அவனே அந்தப் பெயரை வைத்துக்கொள்ளுவான். குழந்தைக்குப் பெயர் வைப்பதும் பிறந்த பிறகுதானே?

இன்னொரு குறையையும் சொல்லாமல் விடமுடியவில்லை. நமது ஈரோட்டில் பிறந்த இராமானுஜனைப்பற்றி நான் தேடிக் கேட்ட தமிழ்ப் பேச்சுகளில் பாதிக்குமேல் அவர் கனவில் நாமகிரித் தாயார் வந்த கதைதான் இருக்கிறது. அவர் அப்படிச் சொல்லிக்கொண்டது வாஸ்தவமே, இருக்கட்டும். ஆனால் அவர் செய்த கணக்கு என்ன என்று ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. ஏன், அது சொல்ல முடியாததா? நாலு முட்டையை எத்தனை விதமாகப் பங்கு பிரிக்கலாம்? நாலாகவே வைக்கலாம், மூன்றும் ஒன்றுமாக, இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக, ஒவ்வொன்றாக வைக்கலாம். ஆக ஐந்து விதம். அஞ்சு முட்டைக்கு ஏழு விதம். பத்துக்கு 42. நூறுக்கு? நூற்றுக்குப் போகுமுன் ஒரு குத்துமதிப்புச் சொல்லுங்கள் என்று நிறுத்திவிட்டு, பிறகு சொல்லவேண்டும்: 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292. இதை ஒவ்வொன்றாக எண்ணாமல் அளந்து சொல்ல ஒரு வழியை இராமானுஜனும் ஹார்டியும் 1918இல் வெளியிட்டார்கள். முட்டை விற்கிறவனுக்கும் இது புரியும். புரிந்தபிறகு அந்த மனிதரின் மூளையைப்பற்றி அவனுக்கு உண்டாகிற மதிப்பு, கனவுக் கதை கேட்டவனுக்கு உண்டாகாது.

இதெல்லாம் படித்தவர்களுக்கு அல்லவா, புத்தகக் கட்டுக்காரனுக்கும் பூக்காரிக்கும் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. லண்டனில் புத்தகம் கட்டுகிற கடையில் வேலை பழகிக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு, 1812இல் கடைக்கு வந்த ஒருவர் ஹம்ப்ரி டேவியின் விஞ்ஞானப் பிரசங்கங்களுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்தார். பையன் போய்க் கேட்டான், கேட்டதை எழுதினான், எழுதியதைத் தன் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினான். அடுத்த வருஷம் அவரிடமே வேலைக்குச் சேர்ந்தான். அவன்தான் மைக்கேல் பாரடே. 1831இல் காந்தத்தை அசைத்து மின்சாரம் எடுத்துக் காட்டியவன். அணையிலும் அனல் நிலையத்திலும் சுழல்கிற மின்னாக்கியெல்லாம் அவன் கண்ட வழியில்தான் சுழல்கிறது. கடைசிவரை அவனுக்குக் கணிதக் குறியீடுகள் சரியாக வராது என்பதையும், அவன் கண்டதைச் சமன்பாடாக எழுதிக் கொடுக்க மாக்ஸ்வெல் என்று ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதே யோக்கியம்.

பாட்காஸ்டிலும் புரட்டு உண்டு. ராசிபலனும், தண்ணீரைக் கொண்டு எல்லா நோயும் தீரும் என்பதும் அதே காதுக்குழாய் வழியாகத்தான் வருகின்றன. குரல் இனிமையாயிருந்தால் சொன்னது உண்மை என்று எண்ணும் பழக்கம் நமக்குப் பழைய வியாதி. அதனாலேயே நான் தனியாகக் கேட்பதோடு நிறுத்தாமல், எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஞாயிறு மாலையில் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிவைத்து, ஒன்றைப் போட்டு, பாதியில் நிறுத்தி, "அடுத்து இவர் என்ன சொல்லப்போகிறார்? சொல்லுவது சரியா?" என்று கேட்டு நடத்தி வருகிறேன். இங்கிலீஷில் இருப்பதை நானே நமது பேச்சில் சொல்லிவிடுவேன். தப்பும் தவறும் வரத்தான் செய்கின்றன. வந்தவர்கள் பிடித்துக்கொள்ளுகிறார்கள்.

சென்ற மாதம் பிறந்தநாள் கணக்கைப் போட்டோம். சலவைத் தொழில் செய்யும் ஒரு பெரியவர் கடைசிவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, பிப்ரவரி 29இல் பிறந்தவனை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்?" என்றார். நான் விழித்தேன். நான் கேட்ட பேச்சில் அது இல்லை. அவனையும் சேர்த்துப் போட்டாலும் 23 பேர் என்பது 23 பேராகவே நிற்கும், விடை மயிரிழைதான் மாறும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அடுத்த ஞாயிறு அதைச் சொன்னேன். "மயிரிழைதான் என்று எப்படித் தெரியும்? போட்டுக் காட்டு" என்று சட்டையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.